சாயம் ஏறாத இடம்

என் கணவர் காலையில் கழிவறையை விட்டு வெளியே வரும்போது ஒரு நம்பர் சொல்லிக்கொண்டே வருவார். "இன்னிக்கு ரெண்டு." இன்னொரு நாள், "இன்னிக்கு நாலு, பாத்துதான் சாப்பிடணும்." முதல் தடவை கேட்கிறவர்கள் லாட்டரிச் சீட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். அது ரத்தத்தின் நிறம். மலத்தோடு போகிற ரத்தம் வெளிர் ரோஸாக இருந்தால் ஒன்று. கறுப்பை நெருங்குகிற சிவப்பு என்றால் ஐந்து. ஐந்து வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவரே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்.

அவர் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். யாரோ கொண்டுவரும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தை ஒரு லாரி நிறையத் துணியில் கொண்டுவருவதுதான் வேலை. நீலத்திலேயே நாற்பது நீலம் சொல்வார். துணிக்கடைக்கு அவரைக் கூட்டிப்போவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். "இந்த ரெண்டு கறுப்பும் ஒரே கறுப்புன்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பார். பட்டறையில் துணி திட்டுத்திட்டாக வந்தால் ஆட்கள் சாயத்தைக் குறை சொல்வார்கள். இவர் கத்துவாராம்: "சாயம் பொய் சொல்லாதுடா. சாயம் ஏறலன்னா துணில கோளாறு. துணியப் பாருங்கடா." அப்படிப்பட்ட கண் சொந்த ரத்தத்தை மட்டும் சும்மா விடுமா?

வியாதி வந்தது எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம். இப்போது அவள் காலேஜுக்குப் போகிறாள். பெருங்குடலின் உள்பக்கத் தோல் புண்ணாகிற வியாதி. மாத்திரை போட்டால் ஆறும். ஆறி நாலு மாதம் நன்றாக இருக்கும். பிறகு ஏதோ ஒரு கவலை, ஏதோ ஒரு காய்ச்சல், மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. நாங்கள் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டோம். எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து வைப்போம். சினிமாவில் ஓரத்து நாற்காலி. பஸ்ஸில் ஏறுவதே இல்லை. எங்கள் வீட்டுக் கழிவறைக்கு மகள்தான் 'ஆபீஸ்' என்று பெயர் வைத்தாள். யாராவது போனில் அவரைக் கேட்டால், "அப்பா ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங்ல இருக்காரு" என்பாள். உள்ளே இருந்து அவரே சிரிப்பார்.

பிறகு ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றுபோனது. "சைபர்" என்று சொல்லிக்கொண்டு அவர் வெளியே வந்த முதல் நாள், நான் கையில் இருந்த கரண்டியோடு அவரைக் கட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் சைபர். இரண்டு வருஷம் சைபர். அவர் பஸ்ஸில் ஏறினார். சினிமாவில் நடு நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் விடாமல் கூப்பிட்டார்கள். குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றார்கள். இவர் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு சொன்னார்.

"எல்லாம் நல்லா இருக்கும்போது எதுக்குடி குடைஞ்சு பாக்கணும்? தூங்குற புலியத் தட்டி எழுப்பச் சொல்றாங்களா?"

"புலி தூங்குதா இல்ல பதுங்குதான்னு பாக்கத்தான் கூப்பிடுறாங்க."

"என் கண்ணுக்குத் தெரியாத ரத்தமா?"

அந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு பட்டறையே ஓடுகிறது. அதுவுமில்லாமல், நிம்மதியாக இருக்கிற வீட்டில் வம்பை விலைக்கு வாங்க யாருக்குத்தான் மனசு வரும்?

எனக்கு ஆல்டரேஷன் கடை. புதுசாக எதுவும் தைப்பதில்லை. பிறத்தியார் தைத்ததைப் பிரிப்பது, பிடிப்பது, குட்டையாக்குவது, ஒட்டுப் போடுவது. ஊரில் யார் இளைக்கிறார்கள், யார் பருக்கிறார்கள் என்பது அவரவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இடுப்பைப் பிடித்துத் தைக்கும்போது மிச்சத் துணியை நான் வெட்டவே மாட்டேன். உள்ளே மடித்து விட்டுவிடுவேன். மனுஷ உடம்பு இன்றைக்கு இளைக்கும், நாளைக்குப் பருக்கும். வெட்டிவிட்டால் போனது போனதுதான்.

அவருடைய சாம்பல் நிறப் பேன்டை ஒருநாள் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி கொண்டுவந்தார். "இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கு, இன்னும் கொஞ்சம் பிடி." பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆணியை வைத்து அவரே ஒரு ஓட்டை போட்டிருந்தார். அதற்கு உள்ளே இன்னொன்று. என்னிடம் சொல்லவில்லை.

கடையில் வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதையே என் புருஷனைப் பற்றி நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்னங்க, நம்பர் என்ன?"

"சைபர்தான். சத்தியமா."

"அப்போ சதை எங்க போகுது?"

"நடக்குறேன்ல, அதான்."

"நீங்க நடக்குறது பட்டறைக்கும் வீட்டுக்கும். அதுல எறும்புகூட இளைக்காது." எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாளைக்கே வரீங்க. இல்லன்னா இந்தப் பேன்ட் கிடைக்காது. துண்டக் கட்டிக்கிட்டுப் பட்டறைக்குப் போங்க."

போனோம்.

டாக்டரம்மா இவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடை பார்க்கச் சொன்னார். பழைய எடையையும் புது எடையையும் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரத்தம் வந்தாத்தான் வியாதி இருக்குன்னு நினைச்சுட்டீங்களா சார்?"

"நிறத்தப் பாத்துத்தான் மேடம் எனக்குப் பழக்கம்."

"சரி, சொல்றேன் கேளுங்க. எத்தனையோ வருஷமா அந்தக் குடல் புண்ணாகி ஆறுது, புண்ணாகி ஆறுது. ஒவ்வொரு தடவை ஆறும்போதும் உடம்பு புதுசா தோல் செய்யணும். பழசப் பாத்து அச்சு அசலா இன்னொண்ணு. புண்ணு எரிஞ்சுகிட்டிருக்கும்போதே அவசர அவசரமா செய்யுற வேலை. எங்கயாவது ஒரு இடத்துல தப்பா செஞ்சுடும். அப்புறம் அந்தத் தப்பப் பாத்தே அடுத்தது, அதப் பாத்து அதுக்கடுத்தது. அது வலிக்காது. ரத்தம் வரணும்னும் இல்ல. மேடாகூட இருக்காது. சுத்தி இருக்குற தோல் மாதிரியே தட்டையா படுத்திருக்கும். அதுதான் போகப் போகக் கேன்சராகும்."

என் கணவர் மேஜை விரிப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்துடுச்சுன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லல. இந்த வியாதி இருக்குற நிறையப் பேருக்கு அது வரவே வராது. ஆனா வியாதிக்கு வயசு ஏற ஏற வாய்ப்பும் ஏறும். அதனாலதான் நல்லா இருக்கும்போதே வாங்கன்னு கூப்பிட்டோம். இப்ப உள்ள போய் நீலச் சாயம் தெளிச்சுப் பாக்கணும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது சாயத்துல தெரியும்."

"சாயமா?" அவர் நிமிர்ந்தார். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது. "என்ன நீலம் மேடம்?"

"வந்து பாருங்க. ரொம்ப மயக்கம் வேண்டாம்னா திரையில நீங்களே பாக்கலாம்."

வெளியே வந்ததும், "எனக்கே சாயம் போடுறாளாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் கையைப் பிடிக்காத மனுஷன்.

குடலைக் கழுவ ஒரு மருந்துப் பொடி கொடுத்திருந்தார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி மத்தியானத்திலிருந்து குடிக்க வேண்டும். "கடல் தண்ணில சோப்புப் போட்ட மாதிரி இருக்கு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மகள் ஒவ்வொரு டம்ளருக்கும் கை தட்டினாள். "அப்பா, இன்னிக்கு ஆபீஸ்ல ஓவர்டைம்" என்றாள். பொழுது சாய்வதற்குள் அவர் பத்து தடவை போய் வந்திருப்பார். பிறகு உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்.

எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அந்தக் கதவை அவர் எனக்காகத் திறந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாரு. தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கு நம்பரே கிடையாது. இவ்வளவு சுத்தமா இருக்குற இடத்துல என்னடி இருக்கப்போகுது?"

"ஒண்ணும் இருக்காதுங்க."

"நெசமாவா?"

நான் உள்ளே போனேன். "எனக்குப் பயமா இருக்குடி" என்றார். "வலி, ரத்தம் இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க. இது யாருன்னே தெரியல." நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

மறுநாள் அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். அவருடைய வாட்சும் பெல்ட்டும் பேன்டும் என் மடியில் இருந்தன. பெல்ட்டில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. உலகத்தில் ஒருவர் நிம்மதியாகக் கடலை தின்ன முடிகிறது என்பதே அநியாயமாகப் பட்டது.

அவரை வெளியே கொண்டுவந்து ஒரு கட்டிலில் விட்டார்கள். பாதி மயக்கத்தில் இருந்தார். குனிந்து, "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"டாக்டரு ஒண்ணும் சொல்லல. துண்டு எடுத்திருக்காங்க, சோதனைக்குப் போகுதாம்." நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "நான்தான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"நல்ல நீலம். அருமையான நீலம். தெளிச்சாங்க. எல்லா இடத்துலயும் வரி வரியா அழகா உக்காந்துச்சு. ஒரு இடத்துல மட்டும்..." அவர் கண்ணை மூடினார். "ஒரு இடத்துல ஏறல. சாயம் ஏறல."

நான் அவர் நெற்றியைத் துடைத்தேன். துடைக்க அங்கே வியர்வை எதுவும் இல்லை.

"சாயத்துல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டது அது ஒரு தடவைதான்.

சோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அவர் பட்டறைக்குப் போனார், ஆனால் சீக்கிரமே திரும்பி வந்துவிடுவார். ஒருநாள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டுத் துணியை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாராம். "ரெண்டும் ஒண்ணா வேறயான்னு தெரியலடி. வேற யாரையாவது பாக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்." காலையில் நம்பர் சொல்வதும் நின்றுபோனது. கழிவறையில் விளக்கைப் போடாமலே போய்விட்டு வருகிறார் என்பதை மகள்தான் கவனித்துச் சொன்னாள். அவள் அதற்கப்புறம் அதை ஆபீஸ் என்று சொல்லவே இல்லை.

அந்த நாட்களில்தான் சாம்பல் பேன்டை மூன்றாவது தடவை பிடித்தேன்.

டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதிக்கு யார் கதவைச் சாத்துவார்கள்?

சாயம் ஏறாத அந்த இடத்தில் கேன்சர். வேறு இரண்டு இடங்களில் எடுத்த துண்டிலும் தோல் மாற ஆரம்பித்திருந்தது. அங்கே இன்னும் கேன்சர் ஆகவில்லை, ஆகப் பார்க்கிறது. ஸ்கேனில் வெளியே எங்கேயும் பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் ஆபரேஷன் செய்து எடுத்துச் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். வயிற்றில் ஒரு வழி வைத்து, வெளியே மலம் சேர ஒரு பை. கொஞ்ச காலத்துக்கா, கடைசிவரைக்குமா என்பது பிறகு.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று அவரே கேட்டார்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "மாற ஆரம்பிச்சப்பவே பிடிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா பிடிச்சிருக்கலாம்."

என் கணவர் தலையை ஆட்டினார். பிறகு, பேரம் பேசுகிற குரலில், "அந்த ஒரு இடத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்த இழுத்துத் தைக்க முடியாதா மேடம்? ஒரு இடம்தானே? மத்த இடமெல்லாம் சாயம் நல்லாத்தான் ஏறிச்சு. நானே பாத்தேன்" என்றார்.

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். ஏன் பேசினேன் என்று தெரியவில்லை. "நிக்காதுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இத்துப்போன துணில ஒட்டு நிக்காது. கிழிஞ்ச இடம் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா அதே துணிதானே அத்தன தடவையும் நனைஞ்சு காஞ்சுது? ஓட்டைய அடைச்சா பக்கத்துல கிழியும். எத்தனை சட்டை பாத்திருக்கேன். முழுசா மாத்தச் சொல்லித்தான் அனுப்புவேன்."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. கடையில் கிழிசல் சட்டையை மேஜையில் போட்டுச் சொல்கிற அதே குரலில், அதே வார்த்தையை, அவர் உடம்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். டாக்டரம்மா, "அதேதாம்மா" என்றார். டாக்டரம்மா மறுக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்தார். வயிற்றில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, இங்கேதான் வரும், இடுப்புப் பட்டி அழுத்தக் கூடாது, தளர்வாகப் போட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவர் சாம்பல் பேன்டை எடுத்துக் கொடுத்தார்.

"பிரிச்சு விட்டுடு. வீட்டுக்குத் திரும்பி வரும்போது போட்டுக்க வேணும்ல."

திரும்பி வரும்போது என்று அவர் வாயால் சொன்னது எனக்குத் தேன் வார்த்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பின்பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே துணி இல்லை.

நகத்தளவு விளிம்புதான் இருந்தது. கத்தரியால் சீராக வெட்டி, ஓரம் அடித்து, அழகாக முடித்திருந்தது. என் கைவேலைதான். மூன்றாவது தடவை பிடித்த அந்த மத்தியானம் நான் வெட்டியிருக்கிறேன். எந்த வாடிக்கையாளருக்கும் செய்யாததை என் புருஷனுக்குச் செய்திருக்கிறேன். வெட்டும்போது என்ன நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இவர் இனிமேல் பருக்கமாட்டார் என்று அது முடிவு செய்துவிட்டிருக்கிறது. தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாலு கடை ஏறி இறங்கி, அதே சாம்பலில் அரை மீட்டர் வாங்கினேன். கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பின்னால் முக்கோணமாக ஒரு துண்டு வைத்து, பழைய தையல் ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தேன். இஸ்திரி போட்டேன். தெரியவே இல்லை.

அவர் பேன்டை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோனார். இத்தனை நாளாக எந்தத் துணியையும் அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த முக்கோணத்தைத் தடவினார்.

"ஒட்டுத் துண்டுல கறுப்பு அரைப் படி தூக்கலா இருக்கு."

அவர் தையலை உள்பக்கம் புரட்டினார்.

"உள்ள பழைய துணி இல்லையா?"

"இல்லங்க."

"நீ வெட்டமாட்டியே."

"வெட்டிட்டேன்."

"எப்ப?"

"முடிவு வர்றதுக்கு முன்னாடி."

தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது ஓய்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பேன்டைப் போட்டுக்கொண்டார். இடுப்பில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. பேனா வட்டம் இருந்த இடத்தில் கையை நுழைத்து, பை எவ்வளவு இடம் எடுக்கும் என்று அளப்பதைப் போல வைத்துக்கொண்டே நின்றார்.

"உனக்கு அப்பவே தெரிஞ்சுதா?" குரல் சின்னதாக வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பயந்தேன். அவ்வளவுதான்."

"எனக்கும் இப்ப அதேதான்." பக்கவாட்டில் துணியைப் பிடித்துக் காட்டி, "இன்னும் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. பக்கத்துல பிடிச்சுடு. ஆனா இந்தத் தடவை வெட்டாதடி. உள்ள விட்டு வை" என்றார்.

குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டேன். குத்திவிடும், அசையாமல் நில்லுங்கள் என்றேன். அவர் அசையாமல்தான் நின்றார். பக்கத் துணியை மடித்துப் பிடித்தேன். உள்ளே எவ்வளவு விட்டு வைப்பது என்று தெரியாமல் முதல் ஊசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.